தீக்கு மேலே மேகம்: நான் படித்த விதம்

யூ.பி.எஸ்.சி. மெயின்ஸில் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு இது. காலநிலையியலில் நான் சறுக்கிய இடம், காட்டுத்தீயின் மேல் எழும் மேகம். மாதிரித் தேர்வில் ‘புகை மேலே போய் மேகமாகிறது’ என்று எழுதி வைத்தேன். பத்துக்கு இரண்டு.

அந்த வாரம் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மார்கழி விடியலில் ஆச்சி நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அண்டாவைத் திறந்ததும் ஆவி வெள்ளை வெளேரென்று திரண்டு கூரை உயரத்துக்கு நின்றது. அடுப்புப் புகை சாம்பல் நிறத்தில் தனியே போனது. மத்தியானம் அடுத்த ஈடு அவித்தபோது ஆவி ஒரு முழம் எழும்புவதற்குள் காணாமல் போய்விட்டது. “வெயில் குடிச்சிரும்லா” என்றாள் ஆச்சி.

புகை வேறு, மேகம் வேறு என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. வெள்ளையாகத் தெரிவது நீர்த்துளி. அது நிற்பதும் கரைவதும் சுற்றியுள்ள காற்றின் குளிர்ச்சியையும் ஈரத்தையும் பொறுத்தது.

இதையே பெரிதாக்கிப் பாருங்கள். தீ சூடாக்கிய காற்று மேலேறும். ஏற ஏற விரிந்து, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். நீராவியைத் தாங்க முடியாத உயரம் வந்ததும், புகைத்துகளைப் பற்றிக்கொண்டு நீராவி துளியாகும். அப்போது வெளிவரும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்கும். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் இது அப்படியே தெரியும்: கீழே பழுப்புப் புகைத்தூண், அதன் தலையில் காலிஃபிளவர் போல வெள்ளை மேகம். நிறம் மாறும் அந்த இடத்தை, விடையில் நீங்கள் வரையும் படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

இது பைரோகுமுலஸ். உலக வானிலை அமைப்பின் 2017 மேக அட்லஸ் இவ்வகை மேகங்களுக்குத் தந்த பெயர் ஃபிளாமாஜெனிட்டஸ். இன்னும் வளர்ந்து இடிமேகமானால் பைரோகுமுலோநிம்பஸ். புகைத்துகள் ஏராளமாக இருப்பதால் துளிகள் பொடிப்பொடியாகவே நின்றுவிடும். மழை எளிதில் இறங்காது, ஆனால் மின்னல் இறங்கிப் புதுத் தீ மூட்டும். எடுத்துக்காட்டுக்கு 2003 ஜனவரி ஆஸ்திரேலியாவின் கான்பெரா தீயை எழுதலாம்; அங்கே தீச்சூறாவளியே சுழன்றது.

பயிற்சிக்கு நம் வயல் போதும். அறுவடை முடிந்து தாள் கொளுத்தும்போது, புகை கொஞ்ச தூரம் ஏறி ஒரு மட்டத்தில் தட்டையாகப் படர்ந்துவிடும். அந்தத் தீக்கு ஏன் மேகம் கூடவில்லை? சூடு, உயரம், ஈரம் மூன்றையும் வைத்து ஐந்து வரி எழுதிப் பாருங்கள்.