சால்ட்ஷோபாடனில் ஒரு குடை

ஸ்டாக்ஹோமின் வடமேற்கு விளிம்பில் டென்ஸ்டா. 1965-லிருந்து பத்தாண்டுகளில் பத்து லட்சம் வீடுகள் என்று ஸ்வீடன் கட்டித் தள்ளியபோது எழுந்த அடுக்குமாடிகளில் ஒன்றில்தான் என் கல்லூரி நண்பன் குடியிருக்கிறான். ஒண்டியிருக்கிறான் என்பதே சரி. வாடகை வீட்டுக்கான வரிசையில் பேர் பதிந்து ஏழு வருஷம் ஆகிறதாம். "இந்த ஊர்ப் பிள்ளைங்க பதினெட்டு வயசு ஆனதுமே போய்ப் பதிஞ்சுடுவாங்கடா" என்றான். அதுவரை உள்வாடகை. அதற்கு 'ஆன்ட்ரா ஹான்ட்' என்று தனிப் பெயரே உண்டு.

கல்லூரியில் எந்த விவாதத்தையும் "ஸ்வீடனைப் பாரு" என்று முடித்துவைப்பவன் நான். அதை அவன் மறக்கவில்லை போலும். சின்ன ரயிலில் ஏற்றி, ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்திலுள்ள சால்ட்ஷோபாடன் என்ற கடலோர ஊருக்கு அழைத்துப் போனான். குடிமக்களின் நலனை அரசே பார்த்துக்கொள்ளும் 'நல்வாழ்வு அரசு' பிறந்த இடத்தைக் காட்டுகிறானாம்.

நினைவுத்தூண் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். கடலைப் பார்த்தபடி அரண்மனைபோல ஒரு விடுதி நின்றது, கே. ஏ. வாலன்பெர்க் என்ற வங்கியாளர் 1890-களில் கட்டியது. 1938 டிசம்பரில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தகராறுகளைத் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் ஒப்பந்தத்தில் இங்கேதான் கையெழுத்துப் போட்டன. அதற்கு ஏழு வருஷம் முன்பு ஓடாலன் என்ற இடத்தில் தொழிலாளர் ஊர்வலத்தை ராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்திருந்தார்கள். சட்டம் போட்டு அரசு நடுவில் நுழைய வேண்டாம் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கருத்து. இன்றைக்கும் ஸ்வீடனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடையாது. சங்கமும் முதலாளியும் பேசி முடிப்பதுதான் கூலி. பத்தில் ஒன்பது பேர் அப்படி ஏதோவொரு ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள். தலைவர் வாரிக் கொடுத்தார், மக்கள் வாழ்ந்தார்கள் என்ற கதைதான் என் மண்டையில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. குடை வாங்கினேன், 250 க்ரோனா. ரசீதில் அதில் 50 'மொம்ஸ்' என்று பிரித்துப் போட்டிருந்தது. விற்பனை வரி. அலுவலகம் கூட்டுபவருக்கும் அதே 25 சதவீதம், அதன் முதலாளிக்கும் அதே 25. "வாரிசு வரியை 2004-ல எடுத்தது யாருன்னு நினைக்கிற? உன் சோஷல் டெமாக்ரட் கட்சிக்காரங்கதான்" என்று சிரித்தான். 2007-ல் வேறொரு அரசு செல்வ வரியையும் எடுத்துவிட்டது.

நாடே எல்லோருக்குமான நல்ல வீடாக வேண்டும் என்று அந்தக் கட்சித் தலைவர் பெர் அல்பின் ஹான்சன் 1928-ல் பேசிய 'மக்கள் இல்லம்' உரையை எத்தனை மேடையில் மேற்கோள் காட்டியிருப்பேன்! அவர் பிரதமராக இருந்த 1934-ல் வந்த கருத்தடைச் சட்டத்தைப் பற்றி ஒரு மேடையிலும் பேசியதில்லை. 1975 வரை சுமார் 63,000 பேருக்கு அறுவை சிகிச்சை. பெரும்பாலோர் பெண்கள், பலருக்குச் சம்மதம் என்பது பேருக்குத்தான். 1999-ல்தான் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது.

திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு இளம் அப்பா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். வண்டியோடு வந்தால் டிக்கெட் வேண்டாம். பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு, அதில் அப்பாவுக்கென்று 90 நாள். இதைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடியவில்லை, உண்மையாகவே.

நண்பன் கைபேசியில் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகரின் தெற்கே ஒரு வீடு காலியாம். அவனுக்கு முன்னால் முந்நூற்றுச் சொச்சம் பேர்.