வண்டி நின்றாலும் எண் நிற்காது

கிருஷ்ணகிரியில் மென்பொருள் வேலை என்றால், "தினமும் பெங்களூரு போய் வருகிறீர்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, இங்கேயே ஒரு சின்ன அலுவலகம். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு எடை, பில், விவசாயிகள் கணக்கு ஆகியவற்றுக்கான மென்பொருள் எழுதுகிறோம். தோத்தாபுரி லோடு வர ஆரம்பித்துவிட்டால் நடுராத்திரியிலும் போன் அடிக்கும்.

நிரல் (கோடு) எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் 2022 ஜூனில் எல்லோருக்கும் திறக்கப்பட்டபோது, மாதம் 10 டாலர் என்றதும் விட்டுவிட்டோம். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் ஏஐ பக்கம் போனார்கள். இப்போது முழு ஃபைலையே அது எழுதித் தருகிறது. ரிப்போர்ட், எக்ஸெல் வேலை, எப்போதோ யாரோ விபி (விஷுவல் பேசிக்) மொழியில் எழுதிவிட்டுப் போன கோடைப் படித்துச் சொல்வது, இதிலெல்லாம் குறை சொல்ல மனம் வராது.

எடைமேடை வேறு விஷயம். மேடையின் எடை காட்டும் கருவியான இண்டிகேட்டர், சீரியல் போர்ட் வழியாக எடையைக் கணினிக்கு விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வாங்கிப் பதிவு செய்யும் கோடை ஏஐ சில நிமிடங்களில் எழுதியது. அந்தக் கோடு சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டும் அதுவே எழுதியது. எல்லாம் பச்சை, அதாவது பாஸ். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த பெண்தான் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, வண்டி ஏறி நின்ன உடனே நம்பர் நிக்காது, ஆடும்" என்றாள். அவள் அப்பா டிராக்டரில் காய் கொண்டுபோகிறவர். மேடைக்காரர் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்துதான் சீட்டுப் போடுவார் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கோடோ, முதலில் வந்த எண்ணையே எடுத்துக்கொண்டது. டெஸ்ட்டில் கொடுத்திருந்ததும் ஒரே ஒரு எண். அது எப்படி ஆடும்? லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்துத்தான் விவசாயிக்குப் பணம். முதல் எண்ணிலேயே பிசகினால் அது யாரோ ஒருவரின் காசு.

ஏஐ-க்கு மேடை தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை, நாம் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்று அது தயங்கவும் இல்லை. ஒழுங்கான பெயர்கள், விளக்கக் குறிப்புகள் என்று சுத்தமாக இருக்கும் கோடைச் சந்தேகத்தோடு படிப்பது தனி உழைப்பு. மீட்டர் (METR) என்ற ஏஐ ஆய்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள் ஏஐ துணையோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். அவர்கள் தங்கள் கோடை நன்கு அறிந்தவர்கள், கருவிகளும் அன்றைய கருவிகள். எங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாகப் போகிறோம் என்ற அந்த நினைப்பு எனக்கும் வருவதுண்டு.

இதற்கிடையில் ஆலைக்காரர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "ஏஐ தானே எழுதுது, பாதி விலைக்குக் கொடுங்க தம்பி." சரி, டைப் அடிப்பதற்கு மட்டும் காசு வாங்கியிருந்தால் அது நியாயமான பேரம்தான். இப்போது கொட்டேஷனில் எழுதும் கூலியைக் குறைத்துவிட்டு, 'மேடையில் நின்று சோதித்தல்' என்று தனி வரி போடுகிறோம். ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மற்றவர்கள் இன்னும் பேரம் பேசுகிறார்கள்.