பத்து கிலோ ஜவ்வரிசிக்கு மூன்று நடை

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் என் மாமா, சிங்கப்பூரில் இருக்கும் என்னிடம் போன வருடம் கேட்டார்: "மாப்ளே, அங்க இருக்குற சாப்பாட்டுக் கம்பெனி யாராச்சும் நம்ம ஊருல வந்து ஒரு யூனிட் போடுவாங்களா, பேசிப் பாரேன்."

பேசினேன். ஊட்லண்ட்ஸில் இனிப்புப் பண்டங்கள் செய்யும் ஒரு நிறுவனம், முதலில் பத்து கிலோ மாதிரி கொண்டு வா என்றது. உணவு இறக்குமதிக்குப் பதிவு செய்திருந்த நண்பர் தன் பெயரில் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதுவரை எல்லாம் சுலபம்.

சரக்கு முகவர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். கவுன்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "பெயர் ஒத்துப்போகல" என்று திருப்பித் தந்தார். இன்வாய்ஸில் சேகோ, பெட்டிப் பட்டியலில் ஜவ்வரிசி, மூட்டையில் மரவள்ளிக் குருணை. சரி, தப்பு எங்களுடையதுதான். திருத்திக்கொண்டு அரை நாள் லீவு போட்டுப் போனால், "கோடு தப்பு" என்றார், சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்ணைத்தான் அப்படிச் சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! எந்தக் கோடு சரி என்றும் சொல்லவில்லை. இன்னும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் புரிந்தது. மாமா ஆலையில் ஸ்டார்ச்சும் தயாராகிறது. ஸ்டார்ச்சின் பழைய இன்வாய்ஸை நகலெடுத்தவர்கள் அதற்கான 1108-ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். முத்தாக உருட்டிய ஜவ்வரிசிக்கு 1903. மூன்றாவது நடையில் சரக்கு கைக்கு வந்தது.

லேபிளிலும் கவனம் வையுங்கள். ஆங்கிலத்தில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, எந்த நாடு, இங்கே இறக்குமதி செய்பவரின் முகவரி எல்லாம் வேண்டும். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் (கந்தகம் கலந்த பதப்படுத்தும் பொருள்) இருந்தால் அதையும் போட வேண்டும். அதற்கான ஆய்வறிக்கையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வெறும் சேகோ என்று மட்டும் எழுதாதீர்கள். சைனாடவுன் சேகோ ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்த அந்தக் காலத்து ஆலைகளின் சேகோ, பனை வகை மரத்தின் தண்டுச் சோற்றில் செய்தது. நம்முடையது மரவள்ளிக் கிழங்கு.

அந்த நிறுவனத்தோடு நடந்த சந்திப்புக்கு இரும்பாலை, வெள்ளைக்கல், கொலுசு, மாம்பழம் என்று சேலத்தையே படமாகக் கொண்டுபோயிருந்தேன். மேலாளர் அம்மா நான்காவது படத்திலேயே நிறுத்தி, "கிழங்கை இங்கே கொண்டுவந்து அரைக்க முடியாதா?" என்றார். அங்கிருந்தே மாமாவுக்கு போன் போட்டேன். "வெட்டுனா ரெண்டு மூணு நாள்ல கெட்டுப் போயிரும் மாப்ளே. அதான் ஆலையெல்லாம் காட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு." யூனிட் ஏன் சேலத்தில் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

அப்புறம் அங்கேயே வேகவைத்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைப் புள்ளி மறைந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, குலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகும் தேங்காய்ப் பாலும் ஊற்றினார்கள். முத்து ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அந்த அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொங்கல் கழித்து ஆலையைப் பார்க்க வருகிறார்கள். ஆய்வறிக்கையில் இரண்டு பிரதி எடுத்து வைக்கும்படி மாமாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.