அடித்தால் போதும், அழிக்க வேண்டாம்

வடசென்னையில் பி.எஸ்சி. வேதியியல் படிக்க வருகிறவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஆய்வு என்றால் பெரிய மெஷின், வெள்ளைக் கோட்டு என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். அதனால் முதல் ஆய்வாக அவர்கள் தெருத் தண்ணீரையே கொடுப்பது வேதியியல் ஆசிரியர்களான எங்கள் வழக்கம். வியாசர்பாடி அடிபம்பு, தண்டையார்பேட்டை போர்வெல், எண்ணூர்ப் பக்கத்துக் கிணறு, ஒப்பிட்டுப் பார்க்க மெட்ரோ வாட்டர். கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்களான ப்யூரெட்டும் பிப்பெட்டும் எந்தக் கல்லூரியிலும் இருக்கும்.

கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் அளவு, பார்ப்பது சுலபம். இ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு 3.722 கிராமைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 0.01 மோலார் செறிவுள்ள கரைசல். 50 மி.லி. தண்ணீரில் பி.எச்.சை 10இல் நிலையாக வைக்கும் அமோனியா பஃபரும், நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டரான எரியோகுரோம் பிளாக் டியும் சேர்த்து, சிவப்பு முழுக்க நீலமாகும்வரை இ.டி.டி.ஏ. கரைசலை ப்யூரெட்டிலிருந்து விட வேண்டும். செலவான மி.லி.யை 20ஆல் பெருக்கினால் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று வந்துவிடும். பஃபர் பாட்டிலைத் திறந்து போட்டால் அமோனியா பறந்துவிடும், நிறம் மாறி முடிகிற எண்ட் பாயிண்ட் இழுக்கும். துருப்பிடித்த பம்புத் தண்ணீரில் இரும்பு இண்டிகேட்டரைப் பிடித்துக்கொண்டு நிறத்தை மாறவிடாது. இண்டிகேட்டரைக் கரைசலாக வைத்தால் சீக்கிரம் கெடும். நூறு பங்கு சோடியம் குளோரைடோடு அரைத்துப் பொடியாக வைப்பதே மேல்.

குளோரைடில்தான் புத்தகம் காலைவாரும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பழைய கதை. லிட்டருக்கு 1500 மி.கி. குளோரைடு உள்ள தண்ணீரில் புத்தகப்படி 50 மி.லி. எடுத்தால், குளோரைடை அளக்க விடும் 0.0141 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட் கரைசல் 150 மி.லி. கேட்கும். ப்யூரெட் மூன்று முறை காலியாகும், சில்வர் நைட்ரேட் விலையோ எல்லாருக்கும் தெரியும். 5 மி.லி. எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் 50 ஆக்கினால் 15 மி.லி.யில் முடியும். எவ்வளவு எடுப்பது என்று மாணவரே கணக்குப் போடுகிற இடம் இது. எங்கள் கணக்கில் ஆய்வு தொடங்குவதும் இங்கேதான்.

இதைவிடக் கஷ்டம் பழைய பழக்கத்தை விடவைப்பது. பிராக்டிகல் தேர்வில் பிழை சதவீதம் குறைந்தால்தான் மார்க். அதனால் இரண்டு அளவீடு 14.2, 14.9 மி.லி. என்று வந்தால், பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்து இரண்டையும் 14.5 ஆக்கக் கை தானாகப் போகும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, மூன்று வருஷம் நாம் கொடுத்த பயிற்சி அது. பென்சிலும் ஒயிட்னரும் கூடாது, பேனாவால் ஒரே கோடு அடித்துக் காரணம் எழுது என்கிறோம். ஒரே தண்ணீரை மூன்று பாட்டிலில் வேறுவேறு எண் போட்டுக் கொடுக்கிறோம். மூன்றும் சற்றே வேறாக வந்தால் சந்தோஷம்; இம்மி பிசகாமல் ஒன்றாக வந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

நேரமும் ஒரு தடை. மதியம் கல்லூரி முடிந்ததும் கடை வேலைக்கு ஓடுகிறவரிடம் மாலை ஐந்து மணிக்கு லேபுக்கு வா என்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார். ஒரு சாம்பிள், ஒன்றரை மணி நேரம் என்று வெட்டிக் கொடுத்தால் தாக்குப்பிடிப்பார். முடிவை முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும், ஆங்கிலத்தில் எழுதுவது அடுத்த வாரம்.

தண்ணீர் கொடுத்த வீட்டில், "இத குடிக்கலாமாப்பா?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதிலையும் சொல்லிக்கொடுத்தே அனுப்ப வேண்டும்: "உப்பும் கடினமும்தான் பாத்தோம் அக்கா, கிருமி பாக்கல. அது வேற டெஸ்ட்டு, கொதிக்கவச்சே குடிங்க."