கேஸ் ஆலை மேல் ஒரு தெரு: களக் குறிப்புகள்

பிப்ரவரி 11

இங்கிலாந்தின் மிட்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறிய ஊர். பெயர் எழுதப் போவதில்லை. அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் நல்லது. 70களில் கட்டிய செங்கல் வீடுகள், பின்னால் நீளமான தோட்டங்கள். அதற்கு முன் அங்கே நிலக்கரியைச் சுட்டு கேஸ் எடுக்கும் ஆலை இருந்தது. 1967 முதல் 1977 வரை நாடு முழுக்க அடுப்புகளை வட கடல் எரிவாயுவுக்கு மாற்றியபோது இந்த மாதிரி ஆலைகளுக்கு வேலையில்லாமல் போனது. தரைக்கு மேலே இருந்ததை இடித்தார்கள். கீழே இருந்தது அப்படியே கிடக்கிறது. அந்த வீட்டுத் தோட்டங்களின் மண்ணைச் சோதிப்பதுதான் எங்கள் வேலை.

இன்று முழுக்க ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள்தான். கேஸ் தொட்டிகள் இரண்டு வட்டங்களாகத் தெரிகின்றன. இன்றைய தெருவை அதன்மேல் பொருத்தினால் ஒரு வட்டம் நேராகச் சில சமையலறைகளுக்கு அடியில் போகிறது. கேஸ் எடுக்கும்போது சேரும் தாரை வைத்திருந்த தொட்டி எங்கே இருந்தது என்று எந்த வரைபடத்திலும் குறிப்பு இல்லை.

பிப்ரவரி 19

தெருக்கோடி வீட்டுப் பெரியவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். கக்குவான் இருமல் வந்தபோது அம்மா தன்னை ஆலை வாசலுக்குத் தூக்கிப் போய் தார்ப் புகையை மூச்சிழுக்க வைத்தாராம். அந்தக் காலத்தில் இங்கே பல ஊர்களில் இது வீட்டு வைத்தியம். "தொட்டி அங்கேதான் இருந்தது" என்று இரண்டு வீடு தள்ளி ஒரு வேலியைக் காட்டினார். வரைபடத்தில் கிடைக்காதது வாசற்படியில் கிடைத்தது. மாதிரி எடுக்கும் இடங்களை மாற்றிக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 5

கருவியை வைத்து மின்கம்பியும் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு, கையாலேயே குழி தோண்டினோம். மேலே ஒரு சாண் நல்ல கறுப்பு மண், மண்புழுவோடு. அதற்குக் கீழே சாம்பலும், கிளிங்கர் எனப்படும் எரிந்து கட்டியான நிலக்கரிக் கசடும். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டியில் வந்த கட்டி நல்ல நீல நிறம். கேஸைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய இரும்பு ஆக்சைடு, சயனைடைப் பிடித்துக்கொண்டு இப்படி நீலமாகிவிடும். பழைய ஆட்கள் இதை 'ப்ளூ பில்லி' என்பார்கள். பெரியவர் காட்டிய வேலி ஓரத்தில் நீலம் இல்லை. தார் வாசனையும், கூடவே அந்துருண்டை வாசனையும் வந்தன. அந்துருண்டை வாசனை நாப்தலீனுடையது.

தாரில் உள்ள பொருள்களைப் பார்க்கும் மாதிரிகள் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், உலோகம் பார்ப்பவை பிளாஸ்டிக் டப்பாவில். எல்லாம் ஐஸ் பெட்டிக்குள். தார் பக்கத்தில் போகும் தண்ணீர்க் குழாய் சாதாரண பிளாஸ்டிக்தானா என்றும் கேட்டு எழுதிக்கொண்டேன், ஏனென்றால் பென்சீன் மாதிரிப் பொருள்கள் அதை ஊடுருவி உள்ளே போய்விடும்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வயதில் ஒரு மகள். நாங்கள் தோண்டும்போது குழந்தை பக்கத்திலேயே நின்று பார்த்தது. "இந்தக் கோடைக்கு பீன்ஸ் போடலாமா?" என்று அவர் கேட்டார். எங்கள் முழு ஆய்வும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

மார்ச் 24

வாயு அளவீடு. காற்றழுத்தம் இறங்கும் நாளாகப் பார்த்துத்தான் போனோம். 1986இல் இதே தேதியில் டெர்பிஷயரின் லாஸ்கோவில் குப்பைக் கிடங்கில் குப்பை மட்கி உண்டான மீத்தேன் வாயு மண்ணுக்குள் நகர்ந்து வந்து ஒரு வீடு வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்தவர்கள் காயங்களோடு பிழைத்தார்கள். முந்தைய சில மணி நேரத்தில் காற்றழுத்தம் சடசடவென இறங்கியிருந்தது. அழுத்தம் இறங்கினால் மண்ணுக்குள் அடைந்திருக்கும் வாயு வெளியே வரும். வெயிலடிக்கும் அமைதியான நாளில் அளந்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதற்கு அர்த்தமே இல்லை. இங்கே கேஸ் தொட்டிக் குழியை எதைப் போட்டு நிரப்பினார்களோ என்பதுதான் என் பயமாக இருந்தது. இன்றைய அளவுகள் குறைவு. இன்னும் சில முறை பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 17

லேப் முடிவுகள் வந்துவிட்டன. காய்கறி வளர்க்கும் வீட்டுத் தோட்டத்துக்கு ஈயத்தின் அளவுகோல் கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஆறு வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தை ஒன்று தினம் 100 மில்லிகிராம் மண்ணும் தூசியும் விழுங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. மேலே போனால் உடனே விஷம் என்று அர்த்தமில்லை, இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். சில தோட்டங்கள் ஈயத்திலும், தாரில் இருக்கும் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருளிலும் அளவுகோலைத் தாண்டிவிட்டன. அந்தக் குழந்தையின் தோட்டமும் அதில் ஒன்று.

சட்டத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1990ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் மாசுபட்ட நிலத்தைப் பற்றிய 2ஏ பகுதி இங்கே 2000இல் நடைமுறைக்கு வந்தது. கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும், அது சரி. கெடுத்த கம்பெனி எப்போதோ மறைந்துவிட்டிருந்தால்? இன்றைய வீட்டுக்காரர் மேலேயே பொறுப்பு வந்து விழலாம். கஷ்டத்தைப் பார்த்து கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) விட்டுக்கொடுக்க முடியும், பல இடங்களில் விட்டுக்கொடுக்கவும் செய்கிறது. ஆனாலும் கடன் வாங்கி வீடு வாங்கிய ஒருவரின் பெயர் செலவுக்குப் பொறுப்பானவர்கள் வரிசையில் இருப்பதே அநியாயம்.

மே 8

முடிவுகளைத் தபாலில் அனுப்பி, அப்புறம் மண்டபத்தில் ஒரு கூட்டம் என்று திட்டமிட்டிருந்தார்கள். நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தன் குழந்தை விளையாடும் மண்ணைப் பற்றிய செய்தியை ஒருவர் ஊரார் நடுவில் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வீடாகப் போனோம். பீன்ஸ் கேட்டவரிடம் சொன்னேன்: இந்த வருடம் செடித் தொட்டியில் புது மண் போட்டு வளர்க்கலாம். தரையில் வேண்டாம். பீன்ஸுக்குள் ஈயம் அதிகம் ஏறாது. கேரட்டிலும் கீரையிலும் ஒட்டிக்கொண்டு வரும் மண்ணும், குழந்தை கையில் ஒட்டும் மண்ணும்தான் வழி. வெறும் தரையைப் புல் போட்டு மூடுங்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள், குழந்தை உள்ளே வந்ததும் கை கழுவட்டும். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வீட்டை விற்க முடியுமா என்று கேட்டார். அதற்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 10

தோண்டும் வேலை தொடங்கியது. 60 செண்டிமீட்டர் மண்ணை எடுத்து, ஆரஞ்சு வலை விரித்து, சோதித்த நல்ல மண்ணை நிரப்புவார்கள். வலை எதற்கு என்றால், பின்னாளில் யாராவது ஆழமாக வெட்டினால் 'இதோடு நில்' என்று தெரிய வேண்டும். வீட்டுக்கு அடியில் இருப்பதை எடுக்கவில்லை: கான்கிரீட் தளம் இருக்கிறது, தளத்துக்குக் கீழே எடுத்த ஆவி அளவுகளும் சரியாக இருந்தன. மாசு இருப்பதும், அது ஒருவரைச் சென்றடைய வழி இருப்பதும் வேறு வேறு. வழியை வெட்டினால் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. தார் ஓரத்துத் தண்ணீர்க் குழாயை மட்டும் உலோகத் தடுப்பு உள்ள குழாயாக மாற்றுகிறார்கள்.

பக்கத்துச் சந்து குறுகல் என்பதால் மண் முழுக்கத் தள்ளுவண்டியில்தான் வெளியே வருகிறது. ஒரு வீட்டில் வளர்ந்த ஆப்பிள் மரம்; வெட்ட வேண்டாம் என்று கெஞ்சினார்கள். வேரைச் சுற்றிக் கையால் கிளறி எடுக்க ஒப்பந்தக்காரர் சம்மதித்திருக்கிறார். அந்த இடத்தில் மண் குறைவாகத்தான் மாறும் என்பது கோப்பில் தெளிவாகப் பதிவாக வேண்டும். நாளைக்கு அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.