கர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு இயங்க மறுத்த மடிக்கணினியை மீட்ட அனுபவம்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெரிய நூல் ஒன்றின் மெய்ப்பில் கடைசி இரண்டு இயல்கள் மட்டுமே மிஞ்சியிருந்த நிலையில், புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன என்ற அறிவிப்பு திரையின் மூலையில் தோன்றியது. திங்கட்கிழமை காலையில் நூலை ஒப்படைக்க வேண்டும். இடையில் இரண்டு நாட்கள் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் அதற்குச் சம்மதம் அளித்தேன். முன்னேற்றப் பட்டை நிறைந்து வரும்போதே வேறு வேலைக்குச் சென்றுவிட்டு, திரும்பி வந்து கணினியை அணைத்தேன். சாளரத்தின் அடியில் ஏதோ ஒரு சிறு எச்சரிக்கை இருந்தது நினைவிருக்கிறது. அதை நான் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் கணினியைத் திறந்தபோது, வழக்கமாகக் கடவுச்சொல் கேட்கும் திரைக்குப் பதிலாகக் கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி நின்றுவிட்டன. ‘கர்னல் பேனிக்’ (இயங்குதளத்தின் கருவாகிய கர்னல் மேலே செல்ல முடியாமல் நின்றதைக் குறிப்பது) என்று தொடங்கிய கடைசி வரி, இயங்குதளத்தின் கோப்புகள் அனைத்துக்கும் அடித்தளமான வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற பொருளில் முடிந்திருந்தது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எந்த விசைக்கும் பதில் இல்லை. ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மூன்று முறை மீண்டும் இயக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே வரியில்தான் நின்றது.

கணினி விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிடுங்கள், ஒரு மணி நேர வேலைதான்” என்றார். அவர் சொன்னதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை; ஆனால் நான் கடைசியாகக் காப்புநகல் எடுத்து 19 நாட்கள் ஆகியிருந்தன. அந்த 19 நாட்களின் திருத்தங்கள் முழுவதும் அந்த வட்டில், அதுவும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்ட பகுதியில் இருந்தன. புதுப்பிப்பு ஒன்று பிழையாகும்போது பெரும்பாலும் நமது கோப்புகள் தொடப்படாமலேயே இருக்கின்றன. அவசரத்தில் நாம் செய்யும் மறுநிறுவல்தான் அவற்றை உண்மையில் அழிக்கிறது. இதை அன்று நான் முழுமையாக அறிந்திருக்கவில்லை என்றாலும், அழிப்பதற்கு முன் அந்தக் கடைசி வரி என்ன சொல்கிறது என்பதையாவது புரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அதை வைத்துத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

என் கணினியில் இருப்பது லினக்ஸ் வகை இயங்குதளம். அது விழித்தெழுவது ஒரே பாய்ச்சலில் நடப்பதில்லை. முதலில் தாய்ப்பலகையில் உள்ள ஃபர்ம்வேர் (வன்பொருளோடு பிணைந்த அடிப்படை மென்பொருள்) விழிக்கிறது. அது ‘கிரப்’ என்னும் தொடக்க நிரலை அழைக்கிறது. கிரப், இயங்குதளத்தின் கருவாகிய கர்னலையும், அதனுடன் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறிய தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. குறியாக்கப்பட்ட வட்டைத் திறப்பதற்கான கடவுச்சொல்லைக் கேட்பதும், வேர்க் கோப்பு முறைமை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கர்னலிடம் ஒப்படைப்பதும் இந்தத் தற்காலிகத் தொகுப்பின் வேலை. எனக்குக் கடவுச்சொல் கேட்கும் திரையே வரவில்லை. ஆகவே கர்னல் விழித்திருக்கிறது, ஆனால் அதன் கையில் அந்தத் தொகுப்பு இல்லை. வட்டும் கோப்புகளும் சேதமடைந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் வீணானது என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

பெரும்பாலான லினக்ஸ் வகைகள் புதிய கர்னலை நிறுவும்போது பழையதை உடனே நீக்கிவிடுவதில்லை. கணினியை இயக்கியவுடன் எஸ்கேப் விசையைத் தட்டி (சில பழைய கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும்) கிரப் பட்டியலை வரவழைத்து, மேம்பட்ட விருப்பங்கள் என்ற வரிக்குள் சென்று பார்த்தபோது, புதிய கர்னலுக்குக் கீழே பழைய கர்னல்கள் மூன்று வரிசையாக நின்றன. அவற்றுள் மிக அண்மையானதைத் தேர்ந்தெடுத்தேன். சில விநாடிகளில் வட்டின் கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. அதைக் கண்டபோது ஏற்பட்ட ஆறுதலை இங்கே விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படிநிலைக்கு யாரேனும் ஒருவர் கணினியின் முன் அமர்ந்திருந்தே ஆக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். இயங்குதளம் முழுமையாக எழுந்து இணையத்துடன் இணைந்த பிறகுதான் திருத்தங்கள் வலைவழியாக வந்து சேர முடியும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பிழையைக் கண்டுபிடித்துத் திரும்பப் பெற்ற பின்னும் மீட்பு பல நாட்கள் நீண்டதற்கு இதுவும் காரணம்: பெரும்பாலான கணினிகளின் அருகே ஒருவர் சென்று, ‘சேஃப் மோட்’ என்னும் பாதுகாப்பு முறையில் இயக்கி, ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

பழைய கர்னலில் உள்ளே நுழைந்ததும் பழுதைச் சரிசெய்ய நான் முனையவில்லை. முதலில் வெளிவட்டை இணைத்து, மெய்ப்புக் கோப்புகள் அனைத்தையும் நகலெடுத்தேன். நகல் முடிந்ததும் அவற்றுள் சிலவற்றை வெளிவட்டிலிருந்தே திறந்து, கடைசிப் பக்கம் வரை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். புதுப்பிப்புகள் கோப்புகளைத் தொடுவதில்லை என்பதற்கு விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டதால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அந்தச் செய்தியை அப்போது படித்தும் காப்புநகலில் நான் ஒழுங்கைக் கடைப்பிடிக்காமல் இருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

நகல் முடிந்த பிறகு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, தொடக்கப் பகிர்வில் (கணினி எழுவதற்கான கோப்புகளுக்கென வட்டில் பிரித்து வைத்த பகுதியில்) எவ்வளவு இடம் இருக்கிறது என்று ‘டிஎஃப்’ கட்டளையால் பார்த்தேன். காரணம் அந்த ஒரே வரியில் தெரிந்தது. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து நிறுவும்போது, கர்னலும் தற்காலிகத் தொகுப்பும் இருக்கும் ‘பூட்’ என்ற பகுதியைக் குறியாக்கத்துக்கு வெளியே தனிப் பகிர்வாக வைப்பது வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் நிறுவியபோது அதற்கு நான் 512 மெகாபைட் மட்டுமே ஒதுக்கியிருந்தேன். அக்காலத்தில் அது தாராளமான அளவாகத் தோன்றியது. ஆனால் வன்பொருள்களுக்கான ஃபர்ம்வேர் கோப்புகள் சேரச்சேரத் தற்காலிகத் தொகுப்பு பருத்துக்கொண்டே வந்து, என் கணினியில் ஒவ்வொன்றும் சுமார் 120 மெகாபைட்டை எட்டியிருந்தது. பழைய கர்னல்கள் மூன்று அப்படியே தங்கியிருக்க, நான்காவதாக வந்த கர்னலின் கோப்பு உள்ளே நுழைந்துவிட்டது. அதற்குரிய தொகுப்பு உருவாக இடம் போதவில்லை. கோப்புப் பட்டியலில் மூன்று தொகுப்புகளும் நான்கு கர்னல்களும் இருந்தன.

புதுப்பிப்பின்போது திரையில் ஓடும் வரிகள் அனைத்தையும் கணினி ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதைத் திறந்து வெள்ளிக்கிழமை இரவின் பகுதியைப் படித்தேன். வட்டில் இடம் இல்லை என்றும், தொகுப்பை உருவாக்கும் பணி தோல்வியுற்றது என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான் படிக்காமல் விட்ட எச்சரிக்கை இதுதான். கணினி சொல்லத் தவறவில்லை. ஆனால் இத்தனை முக்கியமான செய்தியை முன்னேற்றப் பட்டைக்குப் பின்னால் மறைத்து வைக்கும் சாளர வடிவமைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போதுள்ள நிலையில் மறுதொடக்கம் செய்தால் கணினி எழாது என்பதைப் பயனர் கண்ணில் படும்படி ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

காரணம் தெரிந்ததும் பழைய கர்னல்களை நீக்கினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. பயன்படாத பொதிகளை (நிறுவப்பட்ட மென்பொருள் கட்டுகளை) நீக்கும் கட்டளையைக் கொடுத்தபோது, பாதியில் நிற்கும் நிறுவலை முதலில் முடிக்கவேண்டும் என்று, அவற்றை நிர்வகிக்கும் நிரலான பொதி மேலாளர் மறுத்தது. அந்த நிறுவலை முடிக்கச் சொன்னால், இடம் இல்லை என்று அதுவும் நின்றது. இடம் வேண்டுமானால் நீக்க வேண்டும், நீக்க வேண்டுமானால் இடம் வேண்டும் என்ற இந்தச் சுழலில்தான் பலர் மனம் தளர்ந்து மறுநிறுவலுக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். இதை அவிழ்க்கும் வழி எளிமையானது. இப்போது எந்தக் கர்னலில் இயங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை ‘யுநேம்’ கட்டளையால் உறுதிசெய்துகொண்டு, அது அல்லாத, மூன்றிலும் மிகப் பழைய கர்னலின் தொகுப்பை மட்டும் தொடக்கப் பகிர்விலிருந்து என் சொந்த அடைவுக்கு (கோப்புறைக்கு) நகர்த்தினேன். அழிக்கவில்லை, தேவைப்பட்டால் திருப்பி வைக்கலாம் என்பதற்காக நகர்த்தினேன். உடனே ஏறக்குறைய 120 மெகாபைட் காலியானது.

அதன் பிறகு பாதியில் நின்ற பொதிகளை அமைத்து முடிக்கும் ‘டிபிகேஜி’ கட்டளையைக் கொடுத்தேன். இம்முறை அது நிற்கவில்லை. புதிய கர்னலுக்கான தொகுப்பு உருவானது; கிரப் பட்டியலும் புதுப்பிக்கப்பட்டது. பயன்படாத பழைய கர்னல்களை நீக்கும் கட்டளையும் இப்போது மறுப்பின்றி இயங்கி, இரண்டு கர்னல்களை மட்டும் மிச்சம் வைத்தது. மறுதொடக்கம் செய்தேன். புதிய கர்னலில், கடவுச்சொல் திரையைக் கடந்து, கணினி முழுமையாக எழுந்தது.

எழுந்த கணினியில் வைஃபை இல்லை. உண்மையில் காலையில் பழைய கர்னலில் நுழைந்தபோதே அது இல்லாததைக் கண்டிருந்தேன். கோப்புகளைப் பற்றிய கவலையில் அதைப் பொருட்படுத்தாமல், கைபேசியை வடத்தால் இணைத்து இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். என் கணினியின் வைஃபை சில்லுக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கர்னலோடு சேர்ந்து வருவதல்ல. தனியாகப் பெற்று நிறுவியது. லினக்ஸ் கர்னல் தன் உள்ளமைப்பைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொள்ளும் உரிமையை வைத்திருப்பதால், இத்தகைய வெளி டிரைவர்களை ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் மறுபடி தொகுக்க (மூல நிரலிலிருந்து இயங்கும் வடிவுக்கு மாற்ற) வேண்டும். அதைத் தானாகச் செய்வது ‘டிகேஎம்எஸ்’ என்ற கருவி. வெள்ளிக்கிழமைப் புதுப்பிப்பு பாதியில் நின்றதால் கர்னலின் தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாமல் போயிருந்தன. அவை இல்லாமல் டிரைவரைத் தொகுக்க முடியாது. கைபேசி இணைப்பின் வழியே அவற்றைப் பெற்று நிறுவினேன். டிரைவரும் தொகுக்கப்பட்டது. ஆனால் அதை ஏற்ற முயன்றபோது, சாவி (டிரைவரில் மின்னணுக் கையொப்பமிடப் பயன்படுவது) ஏற்கப்படவில்லை என்று கர்னல் மறுத்தது.

முன்பு எந்தத் தடையும் இல்லாமல் இயங்கிய டிரைவர் பழைய கர்னலிலும் இயங்கவில்லை என்பதுதான் இங்கே எனக்கு உதவிய தடயம். கர்னல் மட்டுமே காரணமாக இருந்தால் பழையதில் அது இயங்கியிருக்க வேண்டும். வேறு எதுவோ மாறியிருக்கிறது என்று பதிவுகளை மறுபடி பார்த்தபோது, அதே இரவில் தாய்ப்பலகையின் ஃபர்ம்வேரும் புதுப்பிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அது அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் திருப்பியதில், நான் முன்பு அணைத்து வைத்திருந்த ‘செக்யூர் பூட்’ மீண்டும் இயக்கப்பட்டிருந்தது. அது இயங்கும்போது, நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாத எந்த டிரைவரையும் கர்னல் ஏற்பதில்லை.

அதை மறுபடி அணைத்துவிடுவது இரண்டு நிமிட வேலை. பெரும்பாலானோர் சொல்லும் தீர்வும் அதுதான். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. பிறருடைய வெளிவராத கையெழுத்துப் பிரதிகள் இருக்கும் கணினி இது. பாதுகாப்பு தானாகவே திரும்பி வந்திருக்கும்போது அதை விலக்குவதைவிட, டிரைவருக்கு முறையாக அனுமதி பெறுவதே சரி என்று பட்டது. டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை ‘மோக்யுட்டில்’ கட்டளையால் பதிவுக்கு அனுப்பி, அது கேட்ட ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டேன். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது மறைந்துவிடும். முதல்முறை நான் எழுந்து சென்றிருந்ததால் தவறவிட்டு, மீண்டும் அதே கட்டளையைக் கொடுக்க நேர்ந்தது. இரண்டாம் முறை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்து, சாவியைப் பதிவுசெய்யும் வரியைத் தேர்ந்து, தாளில் இருந்த கடவுச்சொல்லை இட்டேன். அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க ஆங்கில அமைப்பிலேயே இருக்கும் என்பதால், கடவுச்சொல்லில் எழுத்துகளும் எண்களும் மட்டும் இருப்பது நல்லது. சனிக்கிழமை இரவு பதினொரு மணியளவில் வைஃபை திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மிஞ்சியிருந்த இரண்டு இயல்களில் சென்றது. திங்கட்கிழமை காலையில் நூலை ஒப்படைத்தேன். அடுத்த வாரம் தொடக்கப் பகிர்வின் சிக்கலை எடுத்துக்கொண்டேன். குறியாக்கப்பட்ட பகிர்வைச் சுருக்கி அதற்கு இடம் கொடுப்பது ஆபத்தான வேலையாகத் தோன்றியதால், தற்காலிகத் தொகுப்பைச் சிறிதாக்கும் வழியைத் தேர்ந்தேன். அதன் அமைப்புக் கோப்பில், எல்லா வகை வன்பொருள்களுக்கும் உரிய டிரைவர்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக இந்தக் கணினிக்குத் தேவையானவற்றை மட்டும் சேர்க்கும்படி ஒரு சொல்லை மாற்றினேன். தொகுப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இதில் ஒரு குறை உண்டு: வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் அது எழாமல் போகலாம். எனக்கு அந்தத் தேவை இல்லை.

ஏறக்குறைய மூன்று வாரங்கள் கழித்து அடுத்த கர்னல் புதுப்பிப்பு வந்தது. முதலில் வெளிவட்டுக்கு நகல், பிறகு தொடக்கப் பகிர்வின் இடத்தைப் பார்த்தல், அதன் பின் சாளரத்தின் வழியே அல்லாமல் முனையத்தின் வழியே புதுப்பிப்பு என்று செய்தேன். ஓடிய வரிகளைக் கடைசிவரை படித்தேன். தொகுப்பு உருவானது, டிரைவர் தொகுக்கப்பட்டுப் பதிவுசெய்த சாவியால் கையொப்பமிடப்பட்டது, கிரப் பட்டியல் புதிய கர்னலைச் சேர்த்துக்கொண்டது. மறுதொடக்கத்துக்குப் பிறகு கடவுச்சொல் திரை வழக்கம்போல வந்தது. சொந்த அடைவுக்கு நகர்த்தி வைத்திருந்த பழைய தொகுப்பை அன்று மாலை நீக்கினேன்.