டையூல மாமனாரோட ஒரு சாயங்காலம்

சோம்நாத் முடிச்சுட்டு அப்படியே டையூவுக்கும் போயிட்டு வந்துடலாம் மாப்ளேன்னு சொன்னது என் மாமனார்தான். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம், ஏன்னா மனுஷர் தானா ஒரு இடத்தைக் கேட்டதே கிடையாது. நேவில இருந்தவர், ஆனா வீட்ல நேவி கதைன்னு ஒண்ணுகூட வராது.

குஜராத்ல ஊனா தாண்டி பாலத்துல ஏறினா டையூ தீவு, தனி யூனியன் பிரதேசம். குஜராத்துல மதுவிலக்கு, இங்க இல்ல, அதனால வர்ற கூட்டத்துல பாதி எதுக்கு வருதுன்னு சொல்லத் தேவையில்ல. கோட்டை நல்லா இருக்கு, வெயில் தாங்கல, அவ்ளோதான். மாமா ஆட்டோகாரர்கிட்ட நேரா குக்ரி மெமோரியல் போப்பான்னுட்டார்.

கடலைப் பாத்த ஒரு மேடு, அங்க கண்ணாடிக் கூண்டுக்குள்ள நம்ம நேவியோட போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரியோட மாடல். பாகிஸ்தானோட நடந்த போர்ல, 1971 டிசம்பர் 9 ராத்திரி, இங்கேருந்து சுமார் 40 நாட்டிகல் மைல், அதாவது 74 கிலோமீட்டர் தள்ளி, பாகிஸ்தானோட ஹாங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோல அடிபட்டு கொஞ்ச நிமிஷத்துல முழுகிப் போச்சு. நீர்மூழ்கி நடமாட்டம் இருக்குன்னு தெரிஞ்சு அதைத் தேடத்தான் குக்ரியும் கிர்பான்ங்கற இன்னொரு கப்பலும் பாம்பேலேருந்து கிளம்பினதே, தேடிப் போனவங்களையே அது அடிச்சிருச்சு. 18 ஆபீசர், 176 செய்லர், மொத்தம் 194 பேர் போயிட்டாங்க. கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன்னோட லைஃப் ஜாக்கெட்டை ஒரு செய்லருக்குக் குடுத்துட்டு கப்பலோடவே போயிட்டார், மகாவீர் சக்ரா குடுத்தாங்க. அவரைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க, எழுதணும்தான். அந்த 176 பேரைப் பத்தி யார் பேசறா?

நான் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கேன், மாமா கப்பல் பக்கம் திரும்பக்கூட இல்ல, சுவர்ல உக்காந்து கடலையே பாத்துக்கிட்டு திடீர்னு பேச ஆரம்பிச்சார்.

"என் மெஸ்மேட் ஒருத்தன் இதுல போனான் மாப்ளே. திருநெல்வேலிப் பக்கம். நான் அப்போ பாம்பேல ஷோர் டூட்டி, கப்பல்ல இல்ல, கரைலதான் வேலை. கிளம்புற அவசரத்துல, டோபிகிட்ட துணி கெடக்கு, வாங்கி வச்சிருடான்னுட்டு ஓடினான். ரெண்டு வெள்ளைச் சட்டை, ஒரு பேன்ட்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. கீழ அலை பாறைல அடிக்கிற சத்தம், பக்கத்துல ஒரு குடும்பம் செல்ஃபி.

"விஷயம் தெரிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சுதான் டோபிகிட்ட போனேன். கஞ்சி போட்டு மொடமொடன்னு இஸ்திரி பண்ணி வச்சிருந்தான். காலர் உள்பக்கம் இங்க்ல அவன் நம்பர். காசு நீட்டினா டோபி வாங்கல, கும்பிட்டுட்டு உள்ள போயிட்டான். பேப்பர்ல சுத்தி பார்சல் பண்ணி அவங்க அம்மாவுக்கு அனுப்பினேன்."

நல்ல காரியம்தானே மாமான்னேன், வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

"உடம்பு கிடைக்கல, ஒண்ணும் கிடைக்கல. இருந்தது அந்தத் துணிதான். அதையும் துவைச்சுட்டானே மாப்ளே. அந்தம்மா முகத்துல வச்சுப் பாத்தா சோப்பு வாசனைதானே வந்திருக்கும்."

ஆட்டோகாரர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டார். மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கிட்டு, டீ எங்க நல்லா இருக்கும்னு கேளுன்னார்.